பிரித்துப் பழகுதல்

கையூசிக்குக் கண் பின்னால் இருக்கும். மெசின் ஊசிக்கு அது நுனியில், துணியைக் குத்தும் முனைக்குச் சற்று மேலே. அமெரிக்கர் எலியாஸ் ஹோவ் 1846 இல் காப்புரிமை பெற்ற தையல் மெசினின் உயிர் இந்தச் சின்ன இடமாற்றத்தில் இருக்கிறது. கையால் தைக்கும்போது ஊசி முழுதாக மறுபக்கம் போய்த் திரும்ப வேண்டும். பின்னாலேயே நூலும் முழுதாக இழுபட வேண்டும். மெசின் ஊசி அப்படிப் போவதில்லை. நுனி மட்டும் இறங்கும். திரும்பி ஏறத் தொடங்கும் கணத்தில் நூல் சற்றுத் தொய்ந்து வளையமாகும். கீழே சுழலும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, அடி நூல் இருக்கும் பொபினைச் சுற்றிக் கொண்டுபோகும். மேல் நூலும் அடி நூலும் துணியின் தடிப்புக்குள்ளேயே ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மெசின் மேலிருந்த பயம் குறைந்தது. துணியின் அடிப்பக்கத்தில் நூல் சுருள் சுருளாக விழுந்தால் அடியில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் மேல் நூல் இறுக்கம் இல்லாமல் இருக்கும், அல்லது இறுக்கத் தட்டுகளுக்கிடையில் சரியாக உட்காராமல் இருக்கும். கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் தைத்துச் சீவிக்கிற அக்கா இதை ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்: "கீழ பிழை தெரிஞ்சா மேல பார், தங்கச்சி."

*

நாற்பதைத் தாண்டிய பின் ஒரு கைத்தொழிலைப் பழக நினைப்பவருக்கு ஆசைக்கு முன்னால் கணக்கு வந்து நிற்கும். வீட்டுச் செலவின் எந்த மூலையிலிருந்து எடுப்பது? தேவையானவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன். பாதிக்கு மேல் அக்கா வெட்டிவிட்டார். பொபின் பெட்டி வேண்டாம், மெசினோடு கிடப்பவை போதும். நிற நிறமாக நூல் வேண்டாம், வெள்ளையும் கறுப்பும் போதும். பழகுகிற கையின் தையல் கண்ணுக்குத் தெரியத்தான் வேண்டும், நூல் துணியோடு ஒத்துப்போனால் கோணல் மறைந்துவிடும். வடிவம் வெட்டத் தனித் தாள் வேண்டாம். பழைய உதயன், வீரகேசரிப் பத்திரிகைகள் எதற்கு இருக்கின்றன? இரட்டைப் பக்கத்தை விரித்தால் ஒரு பிளவுஸின் முதுகுத் துண்டு அதில் அடங்கும்.

அவர் வெட்டாமல் விட்டவை சில. நல்ல கத்தரிக்கோல் ஒன்று. அதைக் கடதாசியில் வைக்கவே கூடாது. கடதாசி வெட்டிய கத்தரிக்கோல் துணியைக் கடிக்கும். அளவு ரேப். சோக்கு. பிறகு ஊசி. ஊசியில் மிச்சம் பிடிக்காதே என்றார். மெல்லிய துணிக்கு 11 ஆம் இலக்கம், சாதாரணப் பருத்திக்கு 14, டெனிம் போன்ற தடித்ததற்கு 16. முனை மழுங்கிய ஊசி இழையை இழுக்கும், தையல் தாவும். மெசின் பழுது என்று திருத்தக் கொண்டுவருகிறவற்றில் ஊசியை மாற்றியதும் ஒழுங்காக ஓடிவிடுபவை எத்தனையோ.

துணிக்குக் காசே தேவையில்லை. பழைய சாரம், கிழிந்த கட்டில் விரிப்பு, பிள்ளைக்குச் சின்னதாகிப்போன வெள்ளைச் சட்டை. பருத்தியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். வழுக்குகிற சீலைத் துணியில் தொடங்கினால் கை பழகுவதற்குள் மனம் விட்டுப்போகும்.

ஆக, பொருட்செலவு பெரிதில்லை. பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பின்னால் எழுதுகிறேன்.

*

அக்கா எனக்கு முதலில் தைக்கத் தரவில்லை. பழைய பிளவுஸ் ஒன்றைக் கையில் தந்து, "இதைப் பிரிச்சுக்கொண்டு வா. கிழியக்கூடாது. பிறகு கதைப்பம்" என்றார்.

ஒரு பிளவுஸைச் சேதமில்லாமல் பிரிக்க ஒரு பின்னேரம் முழுதாகப் போகும். ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒருதரம் நூலைப் பிளேட் நுனியால் அறுத்துக்கொண்டே போனால், மறுபக்கத்து நூல் நீளமாகக் கழன்று வரும். அவசரப்பட்டு இரண்டு துண்டையும் பிடித்து இழுத்தால் துணி விட்டுக்கொடுக்கும், நூல் விட்டுக்கொடுக்காது. கடைசியில் பாயில் கிடப்பவை: முன்பக்கம் இரண்டு, முதுகு ஒன்று, கை இரண்டு, கொக்கி வைத்த பட்டியும் வளையம் வைத்த பட்டியும், கழுத்தைச் சுற்றியிருந்த ஒடுங்கிய பட்டி. இவற்றை நனைத்து, மினுக்கி, தட்டையாக வைத்துப் பார்க்கும்போதுதான் உடம்பின் வளைவு துணியில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது.

கைத்துண்டை நடுவால் மடித்தால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. முன்பக்க வளைவு ஆழமாகக் குடைந்திருக்கும், பின்பக்கம் நிமிர்ந்திருக்கும். நாம் கையைப் பெரும்பாலும் முன்னுக்குத்தான் நீட்டுகிறோம். முதுகுப்பக்கம் துணி சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் நெல் அரியவும் தண்ணி அள்ளவும் பிள்ளையைத் தூக்கவும் முடியும். வலதுகைத் துண்டை இடதுகையில் பொருத்திவிட்டால் நிற்கும்போது ஒன்றும் தெரியாது, கையை நீட்டினால் முதுகு பிடிக்கும். மார்புப் பக்கத்தில் முக்கோணமாகப் பிடித்திருந்த மடிப்புகள் மார்பின் நுனிவரை போவதில்லை, கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகின்றன. கழுத்துப் பட்டி நேர் இழையில் வெட்டப்பட்டதில்லை. நெடுக்கும் இல்லாமல் குறுக்கும் இல்லாமல் சாய்வில், 45 பாகையில் வெட்டியது. சாய்வில் வெட்டிய துணி இழுத்தால் நீளும். அதனால்தான் வளைந்த கழுத்தில் சுருங்காமல் படிந்திருந்தது.

பக்கத் தையலை அவிழ்த்தபோது உள்ளே ஓர் அங்குலத்துக்கும் மேல் துணி விட்டிருந்தது தெரிந்தது. அதைத் தைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அணிகிறவள் பிள்ளை பெறுவாள், உடம்பு வைக்கும், ஆனால் புது பிளவுஸ் தைக்கக் காசு இருக்காது என்று அவர் நினைத்திருக்கிறார். வடிவம் வெட்டும் புத்தகம் எதிலும் இந்தத் தகவல் எனக்குக் கிடைத்திருக்காது.

தையல் வகுப்புகள் பிரிப்பதில் தொடங்குவதில்லை. பெரும்பாலும் மெசினில் நேர்கோடு ஓட்டத்தான் விடுகிறார்கள். கைபேசியில் தமிழ்நாட்டு ரீச்சர்மார் எத்தனையோ பேர் வெட்டவும் தைக்கவும் இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள். நல்லாகவும் சொல்கிறார்கள், டேட்டாக் காசு மட்டும்தான் செலவு. ஆனால் அந்த அளவுகள் வேறு ஒருவரின் உடம்புக்குரியவை. காசில்லாமல் பழகுகிறவருக்குப் பிரிப்பதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் எண்ணம். கெட்டுப்போக அங்கே எதுவும் இல்லை.

*

வன்னி மண்ணில் தையலைப் பற்றி எழுதும்போது ஓர் இடத்தைத் தாண்டிப் போகவே முடியாது.

போரின் கடைசி இடப்பெயர்வில் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் சைக்கிள்களிலும் ஏற்றியவற்றில் தையல் மெசின்களும் இருந்தன. மேசையை விட்டுவிட்டுத் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு நடந்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது. பிறகு தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டினால் சரியும். மண்மூட்டை அடுக்கவேண்டும், சாக்கு இல்லை. பெண்கள் சீலைகளை வெட்டி மூட்டை தைத்தார்கள். அந்த நாட்களின் படங்களில் மஞ்சளும் சிவப்பும் ஊதாவுமாக அடுக்கியிருப்பவை அவைதான். கூறைச்சீலைகளும் அதில் போயின.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

*

இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும், மீள்குடியேறிய ஊர்களில் வாழ்வாதார உதவி என்று வந்தவை கோழி, ஆடு, தையல் மெசின். கணவரை இழந்தவர்களுக்கும், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கும், கால் இழந்தவர்களுக்கும் மெசின். தொண்டு நிறுவனம் கொடுத்தது, திணைக்களம் கொடுத்தது, கோயில் கொடுத்தது, வெளிநாட்டிலிருந்து பிறந்தநாள் நினைவாக உறவுகள் கொடுத்தார்கள். பதாகை கட்டி, மெசினின் தலையில் கை வைத்துப் படம் எடுத்தார்கள். கொடுத்தவர் எவரையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஒன்றுமில்லாமல் திரும்பி வந்த வீட்டுக்கு ஒரு பெறுமதியான பொருள் வந்தது. சிலர் அதைக்கொண்டு பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கினார்கள். எங்கள் ஒழுங்கை அக்கா அப்படிப்பட்டவர்.

ஆனால் ஒட்டுசுட்டானிலோ முள்ளியவளையிலோ பரந்தனிலோ வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். மூலையில் பூப்போட்ட துணி மூடி, அதன்மேல் தொலைக்காட்சியோ புத்தகப் பையோ வைத்த மெசின்கள் நிறைய. ஏன் ஓடவில்லை என்று கேட்டால் ஒரே பதிலைப் பல விதமாகச் சொல்வார்கள். நேர்கோடு தைக்கத் தெரியும், வெட்டத் தெரியாது. தலையணை உறை தைக்கத் தெரியும், சட்டை தைக்கத் தெரியாது. பயிற்சி என்று நடந்தது குறுகிய காலம், அதில் வெட்டும் பகுதி வருவதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது.

மெசின் கொடுப்பது ஒரு நாள் வேலை. வெட்டப் பழக்குவது மாதக்கணக்கு. உதவித் திட்டங்களுக்கு நாட்கள்தான் பிடிக்கும், மாதங்கள் பிடிக்காது.

*

1924 இல் ஓர் இளைஞர் காந்தியிடம் கேட்டார்: எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா? கேட்டவர் ஜி. இராமச்சந்திரன், பிற்காலத்தில் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர். காந்தி தன் பதிலில் ஒரு விதிவிலக்குச் சொன்னார். அது சிங்கர் தையல் மெசின். மனைவி இரவு பகலாகக் கையால் தைத்துக் களைப்பதைப் பார்த்த சிங்கர், அவள் மேல் வைத்த அன்பினால் அதை ஆக்கினார் என்பது காந்தியின் விளக்கம்.

அழகான கதை. ஆனால் ஐசக் சிங்கரின் வாழ்க்கை வரலாறு இதற்கு ஒத்துழைப்பதில்லை. 1851 இல் தன் மெசினுக்குக் காப்புரிமை பெற்ற அந்த மனிதருக்கு ஒரே நேரத்தில் பல குடும்பங்கள், இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். மனைவியின் களைப்பு அவரைத் தூங்கவிடாமல் செய்தது என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவருடைய பங்காளி எட்வர்ட் கிளார்க் 1856 இல் செய்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஒரு சாதாரணக் குடும்பம் முழுக் காசையும் வைத்து மெசின் வாங்காது என்று கண்டு, கொஞ்சம் முன்பணம், மீதி மாதாமாதம் என்று விற்கத் தொடங்கினார். வீட்டுப் பொருளைத் தவணைக்கு விற்கும் வழக்கம் உலகெங்கும் பரவியதில் தையல் மெசினுக்குப் பெரும் பங்கு உண்டு. சிங்கர் கம்பனி இலங்கைக்கு 1877 இல் வந்தது. தவணையும் கூடவே வந்து தங்கிவிட்டது.

ஏன் இதை எழுதுகிறேன் என்றால், போருக்குப் பிறகு ஏ-9 பாதை திறந்ததும் வன்னிக்குள் முதலில் நுழைந்தவற்றில் தவணைக் கடைகளும் நுண்கடன் கம்பனிகளும் இருந்தன. குழுவாகச் சேர், ஒருவருக்கொருவர் பிணை நில், கிழமைக்குக் கிழமை கட்டு. மெசினுக்கென்று எடுத்த கடன் பிள்ளையின் காய்ச்சலுக்குப் போகும். அதைக் கட்ட இன்னொரு கடன் வரும். ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி 2018 இல் இலங்கைக்கு வந்து பார்த்துவிட்டு, சில கடன்களின் ஆண்டு வட்டி 220 வீதம் வரை போயிருந்ததைப் பதிவு செய்தார். அதே வருடம் அரசாங்கம், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் போன 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வைத்தது.

அதனால், பழகி முடிக்கும் வரை கடனுக்கு மெசின் எடுக்கவேண்டாம். புது மெசினுக்குக் கிழமைத் தவணை ஓடத் தொடங்கினால், பிழையாக வெட்டிய ஒவ்வொரு துணியும் வட்டியோடு சேர்ந்து பயமுறுத்தும். பயத்தில் கை பழகாது. மூடிக்கிடக்கும் மெசின் ஒன்று பக்கத்து வீட்டிலேயே இருக்கும். பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் கேட்டால் ஆரும் மறுக்கமாட்டார்கள். எண்ணெய் போட்டு ஓட்டிக் கொடுத்தால் அந்த மெசினுக்கும் நல்லது. எங்கள் செம்மண் புழுதி மூடிய துணிக்குள்ளும் போகும்.

*

தைக்கத் தெரிந்தால் வேலை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1992 இல் ஜனாதிபதி பிரேமதாச நாடெங்கும் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் போர் நிலம். போர் முடிந்த பிறகு மாஸ் ஆடை நிறுவனம் கிளிநொச்சியில் வானவில், விடியல் என்று தொழிற்சாலைகள் தொடங்கியது. வவுனியாவில், முன்பு கல்செடோனியா என்று பெயர்கொண்டிருந்த இத்தாலியக் குழுமத்தின் ஒமேகா லைன் தொழிற்சாலை இருக்கிறது. விடிய முன்னம் கம்பனி பஸ்கள் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். மாதம் முடிந்தால் சம்பளம், சேமலாப நிதி. தனியார்துறைக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 இல் 27,000 ரூபாயாக உயர்ந்தது; ஒழுங்கையில் தைக்கிறவர் எல்லா மாதமும் அவ்வளவு காண்பார் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் அங்கே பழகுவது வேறு வித்தை. வரிசையில் ஒருத்திக்குத் தோள் மூட்டு, அடுத்தவளுக்கு இலாஸ்ரிக் பொருத்துவது, மூன்றாமவளுக்கு ஓரம். ஒவ்வொரு வேலைக்கும் நிமிடக் கணக்கு உண்டு, மணிக்கு இத்தனை துண்டு என்ற இலக்கு உண்டு. வேகமும் சுத்தமும் அபாரம். அக்காவே வியந்து சொல்வார், அந்தப் பிள்ளைகளின் நேர்கோட்டைப் போல தனக்கு வராது என்று. ஆனால் வருடக்கணக்கில் கை பொருத்தியவள் கலியாணமாகி, பிள்ளை பிறந்து, வேலையை விட்டு வீட்டுக்கு வந்தால் அவளால் தன் பிள்ளைக்கு ஒரு சட்டை வெட்ட முடியாது. துணி அவள் கைக்கு வரும்போதே வெட்டியாகித்தான் வந்தது. தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டியதைத்தான் பழக்கும். அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. வெளியே வருகிறவளுக்கு வெட்டப் பழக்கிவிட ஓர் ஏற்பாடு ஊரில் இருந்தால், அரைவாசிப் பழக்கம் ஏற்கெனவே முடிந்த மாணவி அவள்.

*

வருட இறுதியில் பாடசாலைச் சீருடைத் துணி வரும். இலவசச் சீருடை 1993 இல் தொடங்கியது. இடையில் சில வருடம் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள், பிறகு திரும்பவும் துணி. 2025 ஆம் ஆண்டுக்கான துணி முழுவதும் சீனாவின் நன்கொடை. பிள்ளையின் கையில் கிடைப்பது மடித்த வெள்ளைத் துணிதான், சட்டையாக வராது. தையற்கூலி பெற்றோரின் தலையில். மூன்று பிள்ளை உள்ள வீட்டில் அது பொருட்படுத்த வேண்டிய தொகை. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் தையல் பழகவேண்டும் என்ற எண்ணம் பல தாய்மாருக்கு முதலில் வருகிறது. எனக்கும் அப்படித்தான்.

சீருடை பழகுகிறவர்களுக்கு நல்ல பாடம். வடிவம் மாறாது, நிறம் மாறாது, துணி பருத்திக் கலப்பு, வழுக்காது. ஒரே சட்டையை அளவு மாற்றி மாற்றித் தைக்கலாம். ஆனால் துணி அளந்து வந்தது. பிழையாக வெட்டினால் இன்னொரு துண்டு இல்லை. அக்கா துணியை விரித்துவிட்டு உடனே வெட்டமாட்டார். முதலில் தண்ணியில் போட்டு, காயவைத்து எடுப்பார்; சுருங்குவது தைக்க முன்னமே சுருங்கட்டும் என்று. பிறகு கடதாசி வடிவங்களைத் துணியில் இப்படி வைத்து, அப்படித் திருப்பி, கைத்துண்டை முதுகுத் துண்டின் பக்கத்து வெறுமைக்குள் நுழைத்து, கொலரை ஓரத்தில் செருகி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். நெடுக்கு இழை மட்டும் மாறக்கூடாது. மாறினால் சட்டை இரண்டு தரம் தோய்த்ததும் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இந்தப் பார்த்துக்கொண்டிருத்தலுக்குக் கூலி இல்லை. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு அவர் சும்மா இருப்பதுபோலத்தான் தெரியும். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த நேரம் அதுதான். தலைக்குள் வேறு ஒன்றும் ஓடாது. வாங்காத சாமான், கட்டாத பில், வராத தொலைபேசி அழைப்பு எல்லாம் அந்த வெள்ளைத் துணிக்கு வெளியே நிற்கும்.

கீழ் ஓரத்தை மட்டும் மூன்று அங்குலம் உள்ளே மடித்து விடுவார். பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடலாம். அவிழ்த்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு தெரியும். எங்கள் பாடசாலைகளில் அந்தக் கோடு இல்லாத சட்டையைக் காண்பது அரிது. அதனால் பிள்ளைகள் வெட்கப்படுவதும் இல்லை.

*

இனி அந்தப் பெரிய செலவு.

வடமாகாண கிராம அபிவிருத்தித் திணைக்களம் தையல் பயிற்சி நிலையங்கள் நடத்துகிறது. ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் அதற்குத் துணை நிற்கும். தொழிற்பயிற்சி அதிகாரசபை இருக்கிறது, நைற்றா என்கிற தேசிய பயிலுனர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் மோட்டார், மின், கட்டட வேலைகளுக்கு நல்ல இடம். அரச நிலையங்களில் கட்டணம் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. ஆனால் கூலிக்குப் போகிறவள் பயிற்சிக்கு வந்தால் அன்றைய கூலி இல்லை. கச்சான் பிடுங்கும் காலத்தில், நெல் அரிவுக் காலத்தில் வகுப்பு வெறிச்சோடிப் போவது ஆசையில்லாமையால் நடப்பதில்லை. உள்ளூர்ப் பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. முன்பள்ளி விடும் நேரத்துக்குப் பிள்ளையை யார் கூட்டிவருவது? கற்பதற்கான உண்மையான விலை அந்த இழந்த நாட்கள்தான். அதை எந்தத் திட்ட அறிக்கையின் வரவுசெலவிலும் நான் கண்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெண் என்றால் தையல், மணப்பெண் அலங்காரம், கேக் ஐசிங். ஆண் என்றால் மேசன், மோட்டார். போருக்குப் பிறகு வந்த பயிற்சிகள் பெரும்பாலும் இந்தக் கோட்டைத் தாண்டவில்லை. சில ஊர்களில் தைக்கிறவர்கள் கூடிப்போய், தைக்கக் கொடுக்கிறவர்கள் இல்லை. வவுனியா பஜாரில் ஆயத்த ஆடை மலிவாகத் தொங்குகிறது. தையல் மேல் ஆசை இல்லாதவரைத் தையலுக்குள் தள்ளுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மின் இணைப்பு வேலையும் தண்ணிப் பம்ப் திருத்தும் வேலையும் பெண்கள் பழகட்டும். வன்னியில் பழுதான பம்புக்குக் குறைவே வராது.

வீட்டில் மாமியிடமோ அயலிலோ பழகிய கைக்குக் கடதாசி இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. தேசிய தொழில் தகைமை, ஊரில் சொல்வது என்.வி.கியூ., ஏழு மட்டம் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ் நிலை. வகுப்பில் இருந்து படித்தவருக்கு மட்டும் அது என்றில்லை. ஏற்கெனவே தொழில் தெரிந்தவரின் வேலையைப் பார்த்து மதிப்பிட்டுக் கொடுக்கும் முறையும் உண்டு, முற்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். பிரதேச செயலகத்தில் மனிதவலு உத்தியோகத்தரிடம் கேட்கலாம். அக்கா இன்னும் கேட்கப் போகவில்லை. "என்ர கை தெரிஞ்ச சனத்துக்குக் கடதாசி என்னத்துக்கு" என்கிறார். நாளைக்கு அவரே சம்பளத்துக்குப் படிப்பிக்கப் போனால் கடதாசி கேட்பார்கள். அதனால் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

*

பழகி முடித்து மெசின் வாங்குவதென்றால் எதை வாங்குவது? 2022 மார்ச் கடைசியில், பொருளாதார நெருக்கடியின்போது, நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மோட்டார் பூட்டிய மெசின்கள் நின்றன. மிதிக்கிற மெசின் ஓடியது. பழையது என்று தள்ளி வைத்தவர்கள் எல்லாம் வார் தேடிக் கடைக்குப் போனார்கள். முதலில் வாங்குகிறவருக்கு என் சொல்: மிதிக்கிறதே போதும். வேகம் காலின் பிடியில் இருக்கும், பழகுகிற கைக்கு அவசரம் வராது. மோட்டாரைப் பிறகு பூட்டலாம்.

*

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னும் தீபாவளிக்கு முன்னும் வெளிநாட்டிலிருந்து காசு வரும். ரொறன்ரோவிலோ பரிசிலோ லண்டனிலோ இருந்துகொண்டு, ஊரில் ஒரு குடும்பத்துக்கு மெசின் வாங்கிக்கொடுப்போம் என்று நினைப்பவர்கள் இதை வாசித்தால் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே மெசின் இருக்கிறதா? இருக்கும். அதைத் திருத்தவும் ஊசியும் வாரும் வாங்கவும் கொஞ்சம் அனுப்புங்கள். மீதியை, அவர் கூலிக்குப் போகாமல் பழகப் போகும் நாட்களுக்கு, நாட்கூலியில் பாதியாகவேனும் ஆறு மாதம் கொடுங்கள். பழக்குகிற ஒழுங்கை அக்காவுக்கும் ஒரு சம்பளம் கொடுங்கள். இதுவரை அவருக்கு ஒருவரும் கொடுத்ததில்லை. படம் எடுக்க அதில் ஒன்றும் இருக்காது. ஆறாம் மாதம் ஒரு சட்டை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.